வழிப்போக்கரின் அடுப்பு

கார்த்திகை பிறந்ததிலிருந்து சபரிமலை மகரவிளக்கு முடியும்வரை தேனி – குமுளி சாலைக்கு ராத்திரி பகல் கிடையாது. சின்னமனூரைத் தாண்டி உத்தமபாளையம் புறவழிச்சாலையில் நின்று பார்த்தால், நள்ளிரவு இரண்டு மணிக்கும் வேன்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். சென்னை, வேலூர், பெங்களூரு, நெல்லூர் என்று ஊர் ஊராக வண்டிகள். பெரும்பாலான வண்டிகளின் கடைசி இருக்கைக்குப் பின்னால் ஒரு முழு அடுக்களையே இருக்கும்: அரிசி மூட்டை, அண்டா, கரண்டி, காய்கறிச் சாக்கு, இரும்பு அடுப்பு, அதோடு ஒரு சிலிண்டர். விரதச் சாப்பாட்டை ஓட்டலில் சாப்பிடக் கூடாது என்று நினைக்கும் குழுக்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. அவர்களுக்கு அந்த நாலைந்து நாளைக்கு வேன்தான் வீடு.

அந்த வீட்டில் எரிபொருள் தீர்ந்துபோனால் என்ன செய்வது? உத்தமபாளையத்துக்காரர்கள் காலங்காலமாக எதிர்கொண்டுவரும் கேள்வி இது. விறகுக் காலத்தில் இதற்கு ஒரு பதில் இருந்தது. இன்றைக்கும் ஒரு பதில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் முப்பது நாற்பது ஆண்டுகள் பதிலே இல்லாமல் கழிந்தன.

விறகுக் காலத்தில் வெளியூர்க்காரர் யார், உள்ளூர்க்காரர் யார் என்று அடுப்புக்குத் தெரியாது. முல்லைப் பெரியாறு ஊரை ஒட்டி ஓடுகிறது. படித்துறையில் குளித்து, காளாத்தீஸ்வரரைக் கும்பிட்டு, கரையில் மூன்று கல்லைக் கூட்டினால் சமையல் தொடங்கிவிடும். விறகு வேண்டுமா, கடைத்தெருப் பக்கம் விறகுக்கடை இருந்தது. பெரிய தொங்கு தராசின் ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் பிளந்த விறகு. புளி, உசிலை, வேலிக்கருவை என்று வகைக்கு ஒரு விலை. கருவை நின்று எரியும், கங்கும் நன்றாகப் பிடிக்கும். புளி பிளக்கக் கடினம், ஆனால் அடுப்பில் பொறுமையாக எரியும். காசு குறைவாக இருந்தால் தோப்புக்காரரிடம் கேட்டால் போதும். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தென்னை. காய்ந்த மட்டை, பாளை, கொட்டாங்குச்சி என்று அள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிடுவார்கள். மானாவாரிக் காட்டில் பருத்தி எடுத்து முடித்தபின் பருத்திமார் கட்டுக்கட்டாகக் கிடக்கும். வாங்குவதற்குப் புத்தகம் வேண்டாம், முகவரி வேண்டாம், யாருடைய சிபாரிசும் வேண்டாம்.

அந்தக் காலத்தை இனிமையாக மட்டும் நினைக்க எனக்கு மனம் வரவில்லை. மலையடிவாரத்திலிருந்து தலைச்சுமையாக விறகு கொண்டுவந்த பெண்களின் கழுத்தும் இடுப்பும் என்ன பாடுபட்டன என்று அவர்களைக் கேட்டால் தெரியும். மழைக்காலத்தில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து நெஞ்சு எரிந்தது வீட்டுப் பெண்களுக்குத்தான். மேகமலையும் வெறும் விறகுக்காடாக இருக்க முடியாது. அது 2009-இல் வன உயிரினச் சரணாலயமானது, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. வைகைக்குத் தண்ணீர் தரும் மலை அது. விறகு போனது நல்லதற்கே. ஆனால் விறகோடு சேர்ந்து வேறொன்றும் போனது: எந்த ஊர்க்காரரும் எந்த ஊரிலும் எரிபொருள் வாங்கலாம் என்ற சுலபம்.

நடுவில் மண்ணெண்ணெய் வந்தது. பம்ப் ஸ்டவ், திரி ஸ்டவ், ரேஷன் கடை வரிசை. உள்ளூர்க்காரருக்குக் கார்டுக்கு இத்தனை லிட்டர் என்று அளவு. வழிப்போக்கருக்குக் கள்ள விலைதான், ஆனாலும் ஒரு கேனில் ஊரிலிருந்தே எடுத்துவந்துவிட முடிந்தது. பயணக்காரருக்கு அது பெரிய வசதி.

கேஸ் வந்தபோதுதான் கணக்கே மாறியது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இண்டேன் முதல் இணைப்பு 1965 அக்டோபரில் கொல்கத்தாவில் கொடுக்கப்பட்டது. பர்மா ஷெல், எஸ்ஸோ போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும் பெருநகரங்களில் கேஸ் விற்றுவந்தன. எஸ்ஸோவை 1974-இலும் பர்மா ஷெல்லை 1976-இலும் அரசு எடுத்துக்கொண்ட பிறகு அவை எச்.பி., பாரத் கேஸ் ஆயின. நகரத்திலிருந்து கிராமத்துக்கு இறங்கிவர அந்தச் சிவப்பு உருளைக்குப் பல ஆண்டுகள் ஆயின. எழுதிவைத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு இத்தனை இணைப்பு என்று கூப்பன் ஒதுக்கினார்கள். அந்தக் கூப்பனுக்காகக் கட்சிக்காரர் வீட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். பெண் பார்க்க வரும்போது "வீட்டுல கேஸ் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

அந்த நாளில் இணைப்பு கிடைத்தால் கையில் ஒரு புத்தகம் கிடைக்கும். அதில் பெயர், கதவு எண், தெரு. ரேஷன் கார்டிலும் கேஸ் இருப்பதற்கு முத்திரை விழும், மண்ணெண்ணெய் அளவு குறையும். சிலிண்டர் தீர்ந்தால் ஏஜென்சியில் போய்ப் பதிந்து சீட்டு வாங்க வேண்டும். அடுத்ததைப் பதிய 21 நாள் கழிய வேண்டும். அரசாங்கத்தின் நோக்கத்தில் பிழை இல்லை. மானிய விலைப் பொருள் கள்ளச் சந்தைக்குப் போய்விடக் கூடாது என்றால் அதை ஒரு முகவரியோடு கட்டிப்போட வேண்டியிருந்தது. 2012 செப்டம்பரில் வருடத்துக்கு 6 சிலிண்டருக்குத்தான் மானியம் என்றார்கள், பிறகு 9, அதற்குப் பிறகு 12. 2015-லிருந்து நாடு முழுக்க மானியம் வங்கிக் கணக்குக்கே வரத் தொடங்கியது. இன்று சிலிண்டர் வாசலுக்கு வந்தால் போனில் வந்த எண்ணைச் சொன்னால்தான் இறக்குவார்கள். பூட்டு ஒவ்வொன்றாகக் கூடியதே தவிரக் குறையவில்லை.

அதே நேரத்தில் வீடுகளுக்குள் கேஸ் நுழைந்த வேகத்தையும் சொல்லியாக வேண்டும். 2006 தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதிப்படி, அடுத்த ஆண்டே ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்போடு இலவச கேஸ் அடுப்பு வழங்கும் வேலை தொடங்கியது. 2016 மே 1-ஆம் தேதி மத்திய அரசின் உஜ்வலா திட்டம் உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் தொடங்கியது. இன்று உத்தமபாளையத்திலும் சுற்றியுள்ள அனுமந்தன்பட்டி, ராயப்பன்பட்டி, கோகிலாபுரத்திலும் கேஸ் இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். குளிக்கத் தண்ணீர் காயவைக்க மட்டும் கொல்லையில் விறகடுப்பு இருக்கும்.

ஆக, வீட்டுக்குக் கேஸ் வந்துவிட்டது. வழியில் இருப்பவருக்கு வரவில்லை. வேனில் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைத் தூக்கிப்போட்டுக்கொண்டு வரும் குழுவுக்கு இந்த ஊரில் நடந்தது இப்படித்தான்:

"அண்ணே, சிலிண்டர் தீந்துருச்சு. காலியக் குடுத்துட்டு ஒண்ணு வாங்கிக்கலாமா?"

"புக்கு வச்சிருக்கீங்களா சாமி?"

"இருக்குண்ணே. ஆனா ஆரணி ஏஜென்சி."

"அப்ப ஆரணிலதான் சாமி மாத்தணும்."

கடைக்காரர் மேல் குற்றமில்லை. மாலை போட்டவரைப் பசியோடு அனுப்ப அவருக்கும் மனசில்லை. ஆனால் ஒரு ஏஜென்சியின் கணக்குப்படி சிலிண்டர் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய வீட்டுக்குப் போக வேண்டியது. அதனால் குழுவின் குருசாமி டீக்கடையில் விசாரிப்பார். டீக்கடைக்காரர் தனக்குத் தெரிந்த வீட்டில் கேட்டு, இரண்டு மடங்கு விலைக்கு ஒன்று வாங்கித் தருவார். கொடுத்த வீட்டில் அடுத்த மூன்று வாரத்துக்கு விறகடுப்பு புகையும். இதில் யாருக்கும் லாபம் என்று சொல்வதற்கில்லை.

இதைவிட மோசமானது இன்னொன்று. ஒன்று, இரண்டு கிலோ கொள்ளும் சின்ன உருளைகள், தலையிலேயே பர்னர் வைத்தவை, எல்லா ஊரிலும் விற்கின்றன. அவற்றில் பெரிய சிலிண்டரிலிருந்து கேஸை மாற்றி நிரப்பிக் கொடுக்கும் கடைகள் தமிழ்நாடு முழுக்க முளைத்தன. பெரியதைத் தலைகீழாக நிறுத்தி, ஒரு குழாய் மாட்டி, சத்தத்தை வைத்தே "நிறைஞ்சிருச்சு" என்பார்கள். ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. தடைக்கு நியாயமான காரணம் உண்டு. நிறுவனத்தின் ஆலையில் 14.2 கிலோ என்றால் எடை பார்த்து நிரப்புகிறார்கள். உள்ளே திரவம் விரிய மேலே இடம் விடுகிறார்கள். கடைக்காரர் குழாய் வைத்து நிரப்பும்போது அந்த இடம் மிச்சமிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. அப்படி முட்ட நிரப்பிய உருளை, சித்திரை வெயிலில் நிறுத்திய வேனுக்குள் கிடந்தால், விரியும் திரவத்துக்குப் போக இடமில்லை. தகடோ வால்வோதான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையம் அருகே நடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களின் தனிப் பெட்டி அங்கே கழற்றி நிறுத்தப்பட்டிருந்தது. அவர்கள் விதிக்குப் புறம்பாகச் சிலிண்டர் எடுத்துவந்திருந்தார்கள். விடியலில் டீ போட அடுப்பைப் பற்றவைத்தபோது தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். ஊரை விட்டு ஊர் வந்து, சொந்தக் கையால் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்ற ஆசையைத் தவிர அவர்களிடம் குற்றமான எண்ணம் எதுவும் இருந்திருக்காது. ரயிலில் சிலிண்டர் கூடவே கூடாது, அதில் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் சாலையில் போகிறவருக்காவது நேர்மையான ஒரு வழி இருக்க வேண்டும் என்று அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

அந்த வழி இருக்கிறது. பலருக்குத் தெரியாது.

2013 அக்டோபரில் அரசு எண்ணெய் நிறுவனங்கள் 5 கிலோ சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாமல் விற்கத் தொடங்கின. முதலில் பெருநகரங்களின் சில பெட்ரோல் பங்குகளில்தான். பிறகு ஏஜென்சிகள், பலசரக்குக் கடைகள் என்று பரவியது. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் அதற்கு 'சோட்டு' என்று பெயர் வைத்தது. எச்.பி.யில் அது 'அப்பு', பாரத்தில் 'மினி'. அடையாள அட்டை ஒன்றைக் காட்டினால் போதும். முதல் முறை உருளைக்கும் கேஸுக்கும் சேர்த்துப் பணம், அடுத்த முறையிலிருந்து காலியைக் கொடுத்துவிட்டுக் கேஸுக்கு மட்டும் பணம். ஆரணியில் வாங்கியதை உத்தமபாளையத்தில் மாற்றலாம், அதே நிறுவனத்தின் விற்பனை இடமாக இருந்தால் போதும். புத்தகம், நாள் கணக்கு, கதவு எண் எதுவும் குறுக்கே வராது.

இந்தப் பள்ளத்தாக்கில் இதனால் நிம்மதியடைந்தவர்கள் பக்தர்கள் மட்டுமில்லை. விடியற்காலையில் ஜீப்பேறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களில் சிலர் வாரக்கணக்கில் அங்கேயே லயத்தில் தங்குவார்கள். அவர்கள் வீட்டு இணைப்பு இங்கே, அடுப்பு எரிய வேண்டியது அங்கே. அறுவடை முடிந்த வயலில் கிடை போட வரும் ஆட்டுக்காரர், கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து வந்து ஒரே அறையில் பத்துப் பேராகத் தங்கும் பையன்கள், கல்லூரிக்காக அறை எடுத்துத் தங்கும் மாணவர்கள், இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு குறை உண்டு: கேஸ் புத்தகத்தில் எழுத நிலையான முகவரி இல்லை. இவர்களைத்தான் அந்தக் குழாய்க் கடைகள் நம்பியிருந்தன.

ஆனால் விலையைப் பேசாமல் விட முடியாது. 2025 ஏப்ரலில் சென்னையில் வீட்டுச் சிலிண்டர் ₹868.50. 14.2 கிலோவுக்குப் பிரித்தால் கிலோ 61 ரூபாய் சொச்சம். அதே மாதம் 19 கிலோ வணிகச் சிலிண்டர் ₹1,921.50, கிலோவுக்கு நூறு ரூபாயைத் தாண்டுகிறது. முகவரிச் சான்று கேட்காத 5 கிலோ சிலிண்டரின் கேஸும் வீட்டு விலையில் வருவதில்லை, வணிக விலையை ஒட்டித்தான் வருகிறது. அதாவது சொந்த வீட்டில் இருப்பவரைவிட, பத்துக்குப் பத்து அறையில் பத்துப் பேரோடு இருப்பவர் ஒரு கிலோ கேஸுக்கு அதிகம் கொடுக்கிறார். கள்ளக்கடை விலையோடு ஒப்பிட்டால் இது மேல் என்று சொல்லிச் சமாதானம் அடைய என்னால் முடியவில்லை. வீட்டு உபயோகம் என்பது அடுப்பில் என்ன வேகிறது என்பதைப் பொறுத்தது. கூலிக்காரர் வடிக்கும் கஞ்சி, சுவர் யாருடையது என்பதால் வணிகம் ஆகிவிடாது.

வழியில் இருப்பவருக்கு வெளிநாட்டில் எப்படிக் கேஸ் கிடைக்கிறது என்று பார்த்தால், அமெரிக்காவில் வண்டியையே வீடாகக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் ஏராளம். அவர்கள் வண்டிகளில் புரொப்பேன் தொட்டி இருக்கும். அங்கே 20 பவுண்டு, நம் கணக்கில் 9 கிலோ சிலிண்டரைப் பெட்ரோல் பங்க் வாசலிலேயே கம்பிக் கூண்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். காலியைக் கொடுத்து நிறைந்ததை எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் நிரப்பும் நிலையத்துக்கு எடுத்துப்போனால் பயிற்சி பெற்றவர் கண்ணெதிரே நிரப்பிக் கொடுப்பார். அவர்களுக்கு வெறும் புரொப்பேன் தேவைப்படுவதற்குக் காரணம் குளிர். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் ஆவியாகும், பியூட்டேன் 0 டிகிரிக்குப் பக்கத்திலேயே சோம்பிவிடும். நம் சிலிண்டரில் இருப்பது இரண்டும் கலந்த கலவை. கம்பம் பள்ளத்தாக்குக்கு அது தாராளமாகப் போதும். மார்கழியில் மூணாறு, வட்டவடை பக்கம் தங்கி விடிகாலையில் சமைக்கிறவர்கள் மட்டும் தீ அடங்கி எரிவதைக் கவனித்திருப்பார்கள்.

கேரவன் பயணம் நமக்கும் தூரத்து விஷயமாக இல்லை. கேரள அரசு 2021-இல் 'கேரவன் கேரளா' என்று ஒரு திட்டத்தையே அறிவித்தது. நம் மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்தின் வாகமண்ணில் கேரவன் பூங்காவும் வந்திருக்கிறது. அந்த வண்டிகள் இந்தச் சாலையிலும் இறங்கும். ஆனால் அவர்களுக்காக ஏற்பாடு செய்வதற்கு முன்னால், ஐம்பது வருடமாக இந்தச் சாலையில் அண்டாவோடு போய்வந்துகொண்டிருக்கும் வேன்களுக்குச் செய்ய வேண்டும்.

இன்றைக்கு உத்தமபாளையத்தில் 5 கிலோ சிலிண்டர் வாங்குவதில் உள்ள சிக்கல் நேரமும் இடமும்தான். ஏஜென்சி அலுவலகம் ஊருக்குள், பகலில். வேன்கள் போவது புறவழிச்சாலையில், ராத்திரியில். முன்பு எல்லா வண்டியும் கடைத்தெரு வழியாகத்தான் போயாக வேண்டும், அதனால் யாரிடமாவது கேட்டுக்கொள்வார்கள். இப்போது ஊரின் பெயர்ப்பலகையைப் பார்த்ததோடு கம்பம் போய்விடுகிறார்கள். கூட்டம் அதிகமானால் போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள், வருகிறவை குமுளி, லோயர் கேம்ப் வழியாக இறங்கும். மேட்டில் ஏறத் தொடங்கிவிட்டால் பிறகு தேடுவது கஷ்டம். ஆகவே சின்னமனூர் முதல் கூடலூர் வரையுள்ள பெட்ரோல் பங்குகள்தான் சரியான இடம். எல்லாப் பங்கிலும் 5 கிலோ இருப்பதில்லை. இருக்கிற இடத்திலும் பெட்ரோல் போடுகிற பையனைக் கேட்டால்தான் தெரியும், வெளியே ஒரு பலகை கிடையாது.

வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. கைப்பிடிக்குக் கீழே நிற்கும் மூன்று பட்டைகளில் ஒன்றின் உள்பக்கம் ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும் எழுதியிருக்கும். A என்றால் மார்ச்சுக்குள், B ஜூனுக்குள், C செப்டம்பருக்குள், D டிசம்பருக்குள் அந்த ஆண்டில் மறுபரிசோதனைக்குப் போக வேண்டிய உருளை. தேதி தாண்டியதை வாங்காதீர்கள். இன்னொரு பட்டையில் காலி எடை இருக்கும். வீட்டுச் சிலிண்டரில் 15.3 என்று இருந்தால் மொத்தம் 29.5 கிலோ வர வேண்டும், 5 கிலோவுக்கும் அதே கணக்குத்தான். தராசில் வைக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மூடியைக் கழற்றியதும் வால்வின் குழியில் உள்ள ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நைலான் கயிற்றோடு கைப்பிடியிலேயே தொங்கட்டும். வண்டி ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி அந்த மூடியைப் போட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும், உருளையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்திக் கட்டி.

எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல்தான் பலர் பாதி வழியில் மாட்டுகிறார்கள். தூக்கி ஆட்டிப் பார்ப்பதைவிட நல்ல வழி உண்டு. துணியை நனைத்து உருளையை மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் துடையுங்கள். ஓரிரு நிமிடத்தில் மேல் பாகம் உலர்ந்துவிடும், கீழே ஈரம் தங்கி நிற்கும். அந்தக் கோடு வரைதான் உள்ளே திரவம். பெரிய பர்னரில் சோறு வடிக்கும்போது உருளையின் அடிப்பாகம் குளிர்ந்து முத்து முத்தாக வியர்ப்பதும் இதே மட்டத்தைத்தான் காட்டும். தீ சிறுத்துவிட்டதென்று அப்போது உருளையைச் சாய்ப்பதும் கவிழ்ப்பதும் ஆபத்து. திரவமே குழாய்க்குள் வந்துவிடும்.

வண்டிக்குள் வைத்துச் சமைப்பது எந்தக் காரணத்துக்கும் கூடாது. கேஸ் காற்றைவிடக் கனமானது. ஜன்னலைத் திறந்தாலும் போகாமல் இருக்கைக்கு அடியில் தேங்கும். மலைக்கு அந்தப் பக்கம் நிலக்கல், பம்பைப் பகுதியில் சாலையோரம் சமைக்கவும் சீசனில் தடை போடுகிறார்கள். ஆகவே சமையலை இந்தப் பக்கமே முடித்துக்கொள்வது நல்லது. வீரபாண்டியிலும் சுருளியிலும் உத்தமபாளையம் ஆற்றங்கரையிலும் அதற்கு இடம் இருக்கிறது.

அடுத்த கார்த்திகைக்கு முன்னால் செய்யக்கூடியவை சிலவற்றை மாவட்ட நிர்வாகத்திடமும் எண்ணெய் நிறுவனங்களிடமும் கேட்கிறேன். தேனியிலிருந்து லோயர் கேம்ப் வரை எந்தெந்தப் பங்கில் 5 கிலோ சிலிண்டர் கிடைக்கும் என்று தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பலகை வையுங்கள். சீசனில் அந்தப் பங்குகளுக்கு இரவுக்கும் சேர்த்து இருப்பு அனுப்புங்கள். குழாய் மாட்டி நிரப்பும் கடைகளை மூடுகிற அதே வாரத்தில், அதே தெருவில், முறையான 5 கிலோ விற்பனைக்கு ஒருவருக்கு அனுமதி கொடுங்கள். விலையை வீட்டுச் சிலிண்டரின் கிலோ விலைக்குக் கொண்டுவாருங்கள், குறைந்தது தொழிலாளர் அட்டை வைத்திருப்பவருக்காவது. புறவழிச்சாலைப் பங்குகளில் இப்போதே இடம் இருக்கிறது, கூண்டு வைக்க நான்கு அடி அகலம் போதும்.